இன்னும் வெட்டாத ரிப்பன்

மாசிலாமணி சட்டையைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவள் கண்ணில் பட்டது அதுதான்.

காலையில் அவர்தான் போன் செய்திருந்தார். “இறங்கச் சொல்றாங்க மேடம்.” அவ்வளவுதான் சொன்னார். வழி முழுக்க அவள் நகராட்சிச் சுகாதார ஆய்வாளரை அழைத்துப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை.

பாதாளச் சாக்கடையின் மூடி திறந்து கிடந்தது. கறுப்புத் தண்ணீர் தெருவில் வழிந்து மீன்கடை வரைக்கும் போயிருந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இறங்கப்போகிறவர் மட்டும் பொத்திக்கொள்ளவில்லை.

எதிரில் நகராட்சிக் கொட்டகை.

கொட்டகைக்குள் அவளுடைய இயந்திரம்.

மனிதன் இறங்கக் கூடாது என்பதற்காகவே செய்தது. இருந்த வேலையை விட்டு, வீட்டில் எல்லாரிடமும் திட்டு வாங்கிச் செய்தது. இரும்புக் கை உள்ளே போகும், சகதியை அள்ளிக்கொண்டு மேலே வரும். ஓரமாக நின்று, திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்துவதற்கு அவள் பழக்கியதே மாசிலாமணியைத்தான்.

அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மேலே ஒரு மாலை, சருகாகி. போன மாதம் திறந்துவைக்க வருவதாக இருந்த அமைச்சர் வரவில்லை. மாலை மட்டும் வந்து காத்துக்கொண்டிருந்தது.

“திறப்பு விழா முடியாம வண்டிய வெளிய எடுக்க முடியாது மேடம்,” என்றார் ஆய்வாளர், அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும். “தேதி கேட்டிருக்கோம்.”

“ஆள் இறங்கப்போறார் சார்.”

“வழக்கமா இறங்கறவர்தானே.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வழக்கமா.

மாசிலாமணியின் தம்பியும் வழக்கமாக இறங்கியவர்தான். போன வருடம் ஒரு நாள் இறங்கியவர் ஏறவில்லை. அன்றைக்கும் இதே ஆய்வாளர்தான் மாலை வாங்கிவந்தார்.

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். “கோபப்படாதீங்க. விழா நல்லபடியா நடந்தாத்தான் மத்த ஊர்லயும் உங்க வண்டிய வாங்குவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அதில் பொய் இல்லை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

கொட்டகை அலமாரியில் வெல்வெட் விரித்த தட்டு இருந்தது. தட்டில் வெள்ளிக் கத்தரிக்கோல். அமைச்சருக்கென்றே வாங்கியது. யார் கையும் படாமல் பளபளத்தது.

எடுத்தாள்.

“மேடம், அது வந்து...”

அவள் தெருவைக் கடந்து போய்விட்டாள்.

“அண்ணே, நீங்க வந்து வெட்டுங்க.”

மாசிலாமணி ஆய்வாளரைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. நேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

ரிப்பன் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. மீன்கடைக்கார அம்மாள் மட்டும், “சட்டுனு ஆவட்டும், யாவாரமே போச்சு,” என்றாள்.

இருவருமாக இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரும்புக் கை இறங்கியது. பழைய துணி, பாட்டில், தேங்காய் மட்டை, பெயர் தெரியாத என்னென்னவோ மேலே வந்தன. மாசிலாமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் மெதுவாக வடியத் தொடங்கியது.

ஆய்வாளர் கொட்டகை வாசலில் நின்று, அறுந்த ரிப்பனின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் கிட்டே வந்தார்.

“ரிப்பனை முடிச்சு தெரியாமக் கட்டிடலாம். அமைச்சருக்கு எதுவும் தெரிய வேணாம். கத்தரிக்கோலைக் குடுங்க மேடம்.”

அது அவள் கையில்தான் இருந்தது. மாசிலாமணி அதை நன்றாகத் துடைத்துத் திருப்பித் தந்திருந்தார்.

திறந்திருந்த குழிக்கு மேலே அவள் கையை நீட்டினாள்.

விட்டாள்.

சத்தம் வரக் கொஞ்ச நேரமாயிற்று.

“உள்ளதான் இருக்கு. எடுத்துக்குங்க.”

இயந்திரம் ஆய்வாளருக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் கண் அந்தப் பக்கம் போகவில்லை. மாசிலாமணியிடம் போனது.

மாசிலாமணி கையைக் கழுவிவிட்டு, சைக்கிளில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கழுத்துப் பித்தான் வரைக்கும்.