கண்மாய் மேட்டில் வசவு

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. மாரிக்கண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, கண்மாய்க்கரை மேட்டில் ஏறும் மனைவி பொன்மணிக்குப் பின்னால் வருகிறான். பட்டாசுக் கம்பெனிக்குப் போன வேன் கவிழ்ந்து, தொடையெலும்பு முறிந்து, ஒரு வருசத்துக்கு மேல் கட்டிலோடு கிடந்தவள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் படுத்தே கிடந்த உடம்புக்கு நாலடி நடந்தாலே இரைக்கிறது. மூச்சு முட்டாமல் பேசமுடிகிற வேகத்தில் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சீமைக்கருவேல மரங்களுக்கு ஊடே இளவெயில் அவள் முதுகில் புள்ளி புள்ளியாக விழுகிறது. பாதி மேட்டில், வழக்கமாக அவள் நின்றுவிடும் இடத்தில், "போதும் பொன்மணி, சைக்கிள்ல ஏறிக்க" என்கிறான். "ஒங்க சைக்கிள நீங்களே வச்சுக்கோங்க. செயினுக்கு எண்ண விட்டு எம்புட்டு நாளாச்சு? சட்டையில பித்தான் இல்ல, தல சீவல, இந்தக் கோலத்துலயா ஊருக்குள்ள வருவீக?" நிற்காமல் வைதுகொண்டே ஏறுகிறாள். கழுத்தில் வேர்வை வழிகிறது. கால் லேசாகச் சாய்கிறது. பேச்சு மட்டும் எங்கேயும் அறுபடவில்லை. மாரிக்கண்ணன் சைக்கிளை வேகமாக உருட்டி அவளை நெருங்குகிறான். "இன்னுங் கொஞ்சம் வையி, பிள்ள" என்கிறான். கரையின் உச்சியில் முழு வெயிலும் முகத்தில் விழ, அவள் இடுப்பில் கையை ஊன்றி, அவனுடைய அடுத்த குறையைத் தொடங்குகிறாள்.