கல்யாண ரவிக்கை

கல்யாண ரவிக்கையை எஸ்தர் மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. தையல்கடைத் திரைக்குப் பின்னால், பின்கொக்கிகள் திறந்த அந்த ரவிக்கையோடு மதுவந்தி கைகளைத் தூக்கி நின்றாள். எஸ்தர் டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். பத்தே நாளில் இன்னும் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது.

மதுவந்தியின் அம்மா சுகந்தி வெளியே உட்கார்ந்தபடி குரல் கொடுத்தாள்: "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பொண்ணு சிலை மாதிரி இருக்கான்னு சொல்றாங்க எஸ்தர்!"

மதுவந்தி கண்ணாடியைப் பார்த்துத் தன் இடுப்பைக் கிள்ளினாள். "இங்க இன்னும் சதை இருக்குக்கா." அங்கே வெறும் தோல்தான் இருந்தது.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்ட?"

மதுவந்தி எஸ்தரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. சாப்பிடணும்னுதான் உட்கார்றேன். தட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு."

சொன்னால் இந்தக் குடும்பம் இனி கடைப்படி ஏறாது. கல்யாணம் நின்றுபோனால் பழியும் தன் தலையில்தான் விழும். எஸ்தருக்கு எல்லாம் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பிடியை மெல்ல விடுவித்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

"இதை இனிமே நான் பிடிச்சுத் தர மாட்டேங்க்கா. உள்ள வந்து உங்க பொண்ணு முதுகைப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வந்தாள் சுகந்தி. வீட்டில் எந்நேரமும் தொளதொள நைட்டியில் மட்டுமே பார்த்திருந்த மகளின் முதுகில் கை வைத்தாள். எலும்பு எலும்பாக இறங்கிய கை பாதியில் நின்றது.

"மூடும்மா. குளிருது," என்றாள் மதுவந்தி.

சுகந்தி கையை எடுக்கவில்லை.