மான்வேலியில் நீலச்சேலை

மான்வேலிக்கு முன்னால் நீலச்சேலையோடு நிற்கிறவள்தான் பெண். தரகர் சீவரத்தினம் மாப்பிள்ளை வீட்டுக்கு அடையாளம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆகவே குணலட்சுமி நீலச்சேலையோடு மான்வேலிக்கு முன்னால் நின்றாள். கையில் மானுக்குக் கொடுக்க ஒரு பிடி பூவரசங்குழை.

தகப்பன் பஞ்சலிங்கம் அவளைச் சைக்கிளில் ஏற்றி வந்து, யாழ்ப்பாணப் பட்டணத்து மிருகக்காட்சிச்சாலை திறந்த உடனேயே அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். என்ன நடந்தாலும் அங்கிருந்து அசையக்கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு முன்பின் தெரியாத ஆள்போலப் போய்க் கரடிக்கூட்டடியில் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குக் குறை. அதனால் கோயிலில் வைத்துக் காட்டுவதுதான் வழக்கம். தற்செயலாகக் கண்டமாதிரி. கதைக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. பிடிக்காவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல அவரவர் பாட்டில் போய்விடலாம்.

கோயில் வேண்டாம் என்று பஞ்சலிங்கம் ஒரே பிடியாக நின்றார். திருவிழாச் சனத்துக்குள் என்ன தெரியும் என்றார். மிருகம் பார்க்கிற இடத்தில் பெண் பார்ப்பதா என்று சீவரத்தினம் முகத்தைச் சுளித்தார். கனடா மாப்பிள்ளையின் தாயே சம்மதித்ததால் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரித்துப் பார்க்கவும் வழியில்லை. பஞ்சலிங்கம் குடும்பம் வசாவிளானை விட்டு இடம்பெயர்ந்து நாலு வருடம். அயலவர்கள் எந்தெந்த அகதி முகாமில் இருக்கிறார்களோ. ஊர் கலைந்ததில் பஞ்சலிங்கத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

மாப்பிள்ளையின் தாய் பத்மாவதி மகளோடு வந்தார். முதலில் மயிலைப் பார்த்தார். பிறகு முதலையைப் பார்த்தார். பார்ப்பதாகப் பாவனை செய்தார் என்பதுதான் சரி. முதலைக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், கண்ணையே திறக்கவில்லை.

பிறகு மான்வேலிக்கு வந்தார். குணலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பின்னலைப் பார்த்தார்.

குணலட்சுமிக்கு முப்பத்தொரு வயது. முன்பு வந்த இரண்டு சம்பந்தமும் வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவை, போனவைதான். அவளுக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் இது சரிவர வேண்டும் என்று அவளும் தெரிந்த கடவுளுக்கெல்லாம் நேர்ந்திருந்தாள்.

பத்மாவதி அவள் கையிலிருந்து ஒரு குழையை மெல்ல உருவி மானுக்கு நீட்டினார்.

கதைக்கக்கூடாத இடத்தில் அதற்கு மேல் என்ன சொல்வது? பிடித்துவிட்டது. கரடிக்கூட்டடியில் பஞ்சலிங்கம் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் வானத்தில் பொம்மர் இரைந்துகொண்டு வந்தது.

சனம் சிதறி ஓடியது. மதிலோரம் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் பத்மாவதியும் மகளும் இறங்கினார்கள். வாசலில் தலையை நீட்டி, வழக்கத்தை மறந்து, பத்மாவதி கூப்பிட்டார்.

“பிள்ளை, ஓடி வா. இஞ்சை வா பிள்ளை.”

குணலட்சுமி திரும்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மான்கள் மற்ற மூலைக்குப் பாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

பஞ்சலிங்கம் கரடிக்கூட்டுச் சுவரோடு விழுந்து படுத்தார். படுத்தபடி மகளைப் பார்த்தார். கூப்பிட வாய் திறந்தார். பதுங்குகுழி வாசலில் பத்மாவதியின் தலை தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். அந்த நிமிடம் அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

குண்டு கொழும்புத்துறைப் பக்கம் விழுந்தது. நிலம் அதிர்ந்தது. சேலைக்குள் குணலட்சுமியின் வலது கால் நடுங்கியது.

இடது கால் நடுங்கவில்லை. அது முழங்காலுக்குக் கீழே அலுமினியமும் றப்பரும்.

ஊரை விட்டு ஓடிய அன்று ஷெல் கொண்டுபோன கால். ஓட அவளால் முடியாது. நடந்தால் இழுக்கும், இழுத்தால் தெரிந்துவிடும். கோயில் என்றால் வீதி சுற்ற வேண்டும். வீடு என்றால் தேத்தண்ணித் தட்டோடு வர வேண்டும். மிருகம் பார்க்கிற இடத்தில் மட்டும்தான் ஒருத்தி எவ்வளவு நேரம் அசையாமல் நின்றாலும் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிடித்த பிறகு மெல்லச் சொல்லலாம் என்பது பஞ்சலிங்கத்தின் எண்ணம். கனடாவில் இதைவிட நல்ல கால் போடுவார்கள் என்பது குணலட்சுமியின் ஆசை.

பொம்மர் போனது. பத்மாவதி வெளியே வந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். முன்பின் தெரியாதவர்போல அவளைக் கடந்து போனார். வாசல் படலையடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

மறுநாள் காலை சீவரத்தினம் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி கதைத்தார்.

“பிள்ளையை அவைக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஆனால் காது கேளாத பிள்ளை எண்டதை ஏன் அண்ணை எனக்குக்கூடச் சொல்லேல்லை?”

பொம்மர் தலைக்கு மேலே வந்தும், வாய் நோகக் கூப்பிட்டும் திரும்பாத பெண்ணை வேறு என்னவென்று நினைப்பது என்று பத்மாவதி கேட்டாராம்.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பிறகு ஏன் ஓடவில்லை என்று கேட்பார். பஞ்சலிங்கம் படலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம்” என்றார்.

உள்ளே காலைப் பூட்டிக்கொண்டிருந்த குணலட்சுமிக்கு அது கேட்டது.