பின்னறைத் தண்டனை

"வாய் வேலையா, கை வேலையா? ரெண்டுல ஒண்ணைப் பண்ணு!"

அறுபது தையல் மெஷின்களின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது வசீலா மேடத்தின் குரல். நஜுவா காதிலிருந்த இயர்போனை அவசரமாகப் பிடுங்கினாள்.

துனிசியாவில் மொனாஸ்தீர் பக்கம், ஐரோப்பாவுக்குச் சட்டை தைத்து அனுப்பும் தொழிற்சாலை அது. வசீலா அங்கே சூப்பர்வைசர்.

"என்ன முணுமுணுப்பு?"

"ஒண்ணுமில்ல மேடம்... ஜெர்மன் பாடம்..."

கல்யாணமான இரண்டாம் மாதமே நஜுவாவின் கணவன் லுத்ஃபி ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டான். இவளும் போய்ச் சேர வேண்டுமென்றால் ஆரம்ப நிலை ஜெர்மன் தேர்வில் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் விசா கிடையாது.

தலைநகர் துனிஸிலிருந்து ஓர் ஆசிரியை தபாலில் புத்தகமும் போனில் ஒலிப்பதிவுகளும் அனுப்புவாள். வீட்டில் மாமனார், மாமியார், மூன்று நாத்தனார்கள், ஓயாமல் அலறும் டிவி. அதனால் ஒரு காதில் ஜெர்மன், மறு காதில் மெஷின் என்று தொழிற்சாலையிலேயே படித்துக்கொண்டிருந்தாள்.

"பாடம் படிக்க இதென்ன பள்ளிக்கூடமா? எந்திரி! இன்னிலேர்ந்து உனக்குப் பின்னறை. தைச்ச சட்டையில நூல் பிசிறு வெட்டு."

"மேடம், எட்டு வருஷமா காலர் தைக்கிறவ நான். புதுசா சேர்ந்தவங்க செய்யற வேலையைக் குடுக்கறீங்களே!"

"கத்தரி அங்கேயே கிடக்கு. போ."

கூடமே 'உச்' கொட்டியது. முற்றத்தைத் தாண்டி, துணிப் பொதிகள் அடுக்கிய மூலை அறை அது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி. பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்து மெஷின் சுஹைலா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பொரிந்தாள்.

"பொறாமைடி அவளுக்கு! நீ ப்ளேன் ஏறிடுவேன்னு வயிறு எரியுது. அந்த மூஞ்சி சிரிச்சு யாராச்சும் பார்த்திருக்கீங்களா?"

"விடுக்கா."

"என்னத்த விடறது? உன்னை எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். 'உன் மெஷின் இங்கேயா இருக்கு?'ன்னு வாசல்லயே மறிச்சு விரட்டிட்டா. ஒருத்தியைத் தனியா அடைச்சு வைக்கிறதுல என்ன சந்தோஷமோ!"

நஜுவாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முந்தின நாள்தான் ஆசிரியை போனில் கேட்டிருந்தாள்.

"நல்லா வாசிக்கறீங்க, நல்லா எழுதறீங்க. கேட்கிற பகுதியில மட்டும் எப்படி இருபத்தஞ்சுக்கு ஒன்பது? ரயில் ரெண்டாம் நம்பர் நடைமேடைக்கு வருதுன்னு அறிவிப்பு. நீங்க மூணுன்னு எழுதறீங்க!"

ஜெர்மனில் ரெண்டுக்கு 'ஸ்வை', மூணுக்கு 'ட்ரை'. அவள் காதுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. தன் மூளைதான் மந்தம் என்று முடிவு கட்டி அழுதிருந்தாள்.

இப்போது அழுகைக்குப் பதில் ரோஷம் வந்தது. 'இவ கண்ணு முன்னாடியே பாஸாகிக் காட்டறேன்.'

கை பாட்டுக்குப் பிசிறு வெட்டும். காதில் பாடம் ஓடும். நாளுக்கு நாலு முறை வசீலா முற்றத்தில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவாள். அந்தச் சத்தம் கேட்டதுமே நஜுவா போனைச் சட்டைக் குவியலுக்குள் ஒளித்துவிடுவாள்.

"இன்னும் வேகமா வெட்டு" என்பாள் வசீலா. திரும்பிப் போய்விடுவாள்.

மூன்றாவது வாரம் ரெண்டும் மூணும் பிரிந்து கேட்டன. பிறகு மணி, விலை, பெயர், ரயில் அறிவிப்பு. ஒரு நாள் லுத்ஃபி வேண்டுமென்றே ஜெர்மனில் பேச, இவள் கடகடவென்று பதில் சொன்னாள்.

ஐந்தாம் மாதம் தேர்வில் தேறினாள். விசாவும் வந்தது.

கடைசி நாள், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சுஹைலா காதோடு சொன்னாள்:

"அவளையும் நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டுப் போடி. இனிமே உனக்கென்ன பயம்?"

நஜுவா நேராக வசீலாவின் மேஜைக்குப் போனாள்.

"கிளம்பறேன் மேடம். பாஸாயிட்டேன். நீங்க பின்னறையில அடைச்சுப் போட்டும் பாஸாயிட்டேன்."

வசீலா பேனாவை மூடி வைத்தாள்.

"கேட்கிற பகுதியில எவ்வளவு?"

"இருபத்தி... மூணு."

எட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த முகம் சிரித்தது.

"அந்த அறை ஒண்ணுலதான் மெஷின் சத்தம் கேக்காது. சலுகைன்னு சொல்லி அனுப்பினா முதலாளி ஆயிரம் கேள்வி கேப்பாரு. தண்டனைன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதான் கத்தினேன். மனசுல வச்சுக்காதே."

நஜுவா மேஜையைச் சுற்றி வந்தாள். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக, குனிந்து வசீலாவின் உச்சியில் முத்தமிட்டாள். இவள் கண்ணீர் வசீலாவின் தலைத்துணியை நனைத்தது.

"தேர்வுல அப்படி ஒரு பகுதி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"நானும் இதே மெஷின் சத்தத்துல உட்கார்ந்துதான் படிச்சேன். மூணு தடவை எழுதினேன், மூணு தடவையும் அதுலதான் போச்சு. நாலாவது தடவை எழுதறதுக்குள்ள, அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருக்க ஆள் இல்லாமப் போச்சு."