எங்கள் தெருவைத் தவிர்த்த பட்டை

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நடைப்பயிற்சி தொடங்கினால், எந்தத் தெருவில் நடப்பது என்பதைக் கொதிப்பை அளக்கும் கைப்பட்டைதான் முடிவு செய்யும். கொதிப்பைக் கூட்டும் இடங்களை அது தவிர்க்கச் சொல்லும். என்னை முதல் மூன்று நாளும் மீன் மார்க்கெட்டையும் என் பழைய அலுவலகத்தையும் சுற்றிக்கொண்டு போகச் சொன்னது. நான்காம் நாள் காலை, அரை மணி நேரம் நடந்து திரும்பியபோது, எங்கள் தெருவுக்குள் போக வேண்டாம் என்றது.

தெரு முனையிலேயே நின்றுவிட்டேன். வாசலிலிருந்து என்னைப் பார்த்த என் மனைவி நிரஞ்சனா இறங்கி வந்தாள்.

“ஏனுங்க, இட்லி ஆறுது. இங்க நின்னு என்ன பண்றீங்க?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“வீட்டுல நாம ரெண்டு பேருந்தான். அப்ப என்னயத்தான் சொல்லுது.”

“அதுக்கு என்ன தெரியும்?”

“மீன் மார்க்கெட்டுன்னப்ப நம்புனீங்கல்ல? இருங்க, பேக்கரி வரைக்கும் போறேன். நம்பரப் பாத்துச் சொல்லுங்க. பொய் சொல்லக்கூடாது.”

அவள் விலகி நடக்க நடக்க, பட்டையில் நூற்று அறுபதில் இருந்த கொதிப்பு எண் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுகூட ஒரே தட்டில் பப்பாளி தின்றோம். பேக்கரியைத் தாண்டி அவள் என் கண்ணிலிருந்து மறைந்ததும் எண் மடமடவென்று ஏறி நூற்று எழுபதைத் தொட்டது.

“ஏறுதா, இறங்குதா?” அங்கிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

எதைச் சொன்னால் உண்மை என்று தெரியவில்லை. முதல் மாதம் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பேக்கரியை நோக்கி ஓடினேன்.