கைதட்டாத சபை

அவன் முதல் பாடலை முடித்துவிட்டு மூச்சு விட்டான்.

யாரும் கைதட்டவில்லை.

ஸ்காட்லாந்து அரசரின் சபை. குளிர்கால மாலைகளில் இங்கே இத்தாலியக் காவியம் வாசிப்பது வழக்கம். கேட்பவர்களில் அரசரையும் அவருடைய செயலரையும் தவிர யாருக்கும் இத்தாலியம் தெரியாது. தெரியாது என்று யாரும் சொன்னதும் இல்லை. செயலர் தலையை அசைப்பார். சபை கைதட்டும். ஊரோடு ஒத்து வாழ் என்பது அரண்மனைக்கும் பொருந்தும்.

இன்று முதன்முறையாக அதே காவியம் ஸ்காட்ஸ் மொழியில். சந்தையிலும் தொட்டிலருகிலும் பேசுகிற ஸ்காட்ஸில். அரசவைக் கவிஞனான அவன் செய்த மொழிபெயர்ப்பு.

மீன் விலை பேசுகிற மொழியில் காவியமா என்று ஆர்க்கிபால்ட் பிரபு நேற்றே சிரித்திருந்தார். சபைக்குப் பிடித்தால் தொடரலாம், இல்லையென்றால் இன்றோடு சரி என்று அரசரும் சொல்லிவிட்டார்.

அவன் தாளைப் புரட்டினான்.

அடுத்த பாடலைத் தொடங்கினான்.

சிறையில் கிடக்கும் கணவனை மீட்க ஒருத்தி தனியே படகேறுகிறாள். நடுக்கடலில் காற்று மாறுகிறது. துடுப்பு கைநழுவிப் போகிறது.

செயலர் தலையை அசைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நன்றாகவே அசைத்தார், பாவம்.

கைதட்டல் இல்லை.

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தான். அவன் தாய் அவனைத் திட்டியதும் கொஞ்சியதும் இந்த மொழியில்தான். அதை இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தித் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று துக்கமாக இருந்தது.

தாளைக் கீழே வைத்தான்.

நிமிர்ந்து பார்த்தான்.

செயலரை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீமாட்டி கையில் எடுத்த பழத்தைக் கடிக்க மறந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திவிட்டீர்?"

ஆர்க்கிபால்ட் பிரபுதான்.

"அந்தப் பெண் கரை சேர்ந்தாளா, இல்லையா?"

அதுவரைக்கும்தான் அவன் மொழிபெயர்த்திருந்தான். மீதி இத்தாலியத்தில் இருப்பதாகவும், வேண்டுமானால் இப்போதே வாசிப்பதாகவும் பணிவாகச் சொன்னான்.

பிரபு அரசரைப் பார்த்தார். செயலரைப் பார்த்தார். அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"வேண்டாம்," என்றார். "நீர் போய் எழுதும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்."