வாசல் சோதனை

லிஃப்டுக்குள் வைத்த காலை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டான். குப்பென்று அடித்தது பிராந்தி வாடை.

உள்ளங்கையால் வாயைப் பொத்தி ஊதிப் பார்த்தான். இவ்வளவா நாறுகிறது? இந்தக் கூண்டுக்குள் நின்று மூன்று மாடி போனால், அடுத்து ஏறுகிற ஆள் மோப்பம் பிடித்தே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவான். பிழைப்பே லிஃப்ட் ரிப்பேர்தான். இருந்தாலும் இன்று படியேறினான்.

எல்லாம் மத்தியானம் வந்த வினை. ஓர் அலுவலகக் கட்டடத்தில், இரண்டு தளங்களுக்கு நடுவே லிஃப்ட் சிக்கிக்கொண்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றிச் சுற்றி இறக்கி, அவளை வெளியே கொண்டுவருவதற்குள் இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

காரியம் முடிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டட மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்து ஒரு கிளாஸ் பிராந்தியை நீட்டினார். குடியை விட்டதிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் இவனைச் சாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமியார் ஒரே மூச்சில் கவிழ்த்தார். காலி கிளாஸை மறுபடி நீட்டியதும் அதே சாமியார்தான்.

கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். வளைவில் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார்.

அதைவிடப் பெரிய கண்டம் வாசலில் காத்திருந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அன்று மனைவி போட்ட ஒப்பந்தம். தினமும் நிலைப்படியில் நின்று ஊத வேண்டும், அவள் தலையசைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றலாம். வேலைக்கு எடுத்துப்போன தண்ணீர் பாட்டிலையும் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். அது அவன் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கிய வழக்கம். தண்ணீரில் வோட்காவைக் கலந்து, அவள் கண்ணெதிரிலேயே குடித்த மகாராஜன் ஆயிற்றே இவன்.

"இன்னொரு தடவை வாடை வந்துச்சுன்னா கத்த மாட்டேன், அழ மாட்டேன். பெட்டியைக் கட்டிடுவேன்" என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

நிலைப்படியிலேயே நின்றான். அவள் எழுந்து வரவில்லை. ஊதச் சொல்லவில்லை. நீட்டிய தண்ணீர் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தப்பித்தோம் என்று செருப்பைக் கழற்றியபோதுதான் பெட்டி கண்ணில் பட்டது. அலமாரி மேல் கிடக்கிற நீலப் பெட்டி. அவனைச் சிகிச்சைக்குச் சேர்த்தபோது கொண்டுபோன அதே பெட்டி. ஜிப் இழுத்து, பிடியை நிமிர்த்தி, கிளம்பத் தயாராக நின்றது.

யாரோ போனில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மேனேஜரா? கூட வந்த ஹெல்பரா? இவள் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கென்று மிஞ்சுவது நாலு சுவரும் பழைய தாகமும்தான்.

எட்டி நின்றபடியே, முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு சொன்னான். "யார் என்ன சொன்னாலும் நம்பாத. நான் தொடலை."

"தெரியும்" என்றாள்.

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்புறம் எதுக்குப் பெட்டி? எங்க கிளம்பிட்ட?"

"உங்களைச் சேர்த்த இடத்துக்குத்தான். போன் பண்ணிக் கேட்டுட்டேன். பொம்பளைங்களுக்கும் தனியா இடம் இருக்காம்."

அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்துத் தடுமாறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலில் இடறி நாற்காலிக்கு அடியிலிருந்து உருண்டு வந்தது, முக்கால்வாசி தீர்ந்துபோன பிராந்தி பாட்டில்.

"உங்க பாட்டில்ல என்ன இருக்குன்னு தினம் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேனே, அதுலயே எனக்கும் பிடிச்சுப்போச்சுங்க. நீங்க விட்டுட்டீங்க. என்னால முடியலை" என்றாள். தரையைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னாள். இத்தனை நாளும் அவன் ஊதியபோது அவள் மோந்தே பார்த்ததில்லையாம். தன் வாடை அவனுக்கு எட்டிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தலையசைத்தாளாம். இன்று கடையிலிருந்து திரும்பியவளுக்கு மாடி ஏறுகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. லிஃப்டிலேயே மூடியைத் திருகிவிட்டாள்.

லிஃப்டில் முகத்தில் அடித்த வாடை. அது அவனுடையது இல்லை.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அருகில் வந்துவிட்டாள், முகத்தோடு முகம் உரசுகிற தூரத்தில். அவள் மூக்குக்கு எதுவும் எட்டியதாகத் தெரியவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த வேன் சாவியை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"வண்டியை மெதுவா ஓட்டுங்க. இந்த வீட்டுல இப்போ நிதானத்துல இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."